வட்டாரமும் விகிதாசாரமும்: உள்ளூராட்சித் தேர்தல் கேள்வி பதில்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் உள்ளன. மாநகர சபை ஒன்று. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என நகர சபைகள் மூன்று. பிரதேச சபைகள் 13. வாக்களிப்பு, ஆசனக் கணக்கு, வேட்புமனு, தவிசாளர் (சபைத் தலைவர்) தெரிவு பற்றிக் கேளுங்கள். எந்தக் கட்சிக்குப் போடலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து: நல்லூர்க் கோயில் எங்கட வீட்டிலயிருந்து நடக்கிற தூரம். கோயில் மாநகர சபைக்கு உள்ள இருக்கு. எங்களுக்கு ஏன் மாநகர சபை வாக்கு இல்லை?

கோயில் மாநகர எல்லைக்குள் இருக்கிறது. திருநெல்வேலிச் சந்தை நல்லூர் பிரதேச சபைக்குரியது. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எந்த வட்டாரத்தில் பதிவாகியிருக்கிறதோ அந்தச் சபைக்குத்தான் உங்கள் வாக்கு. வேலை, கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எங்கே இருந்தாலும் அது மாறாது. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய் இடாப்பில் வட்டாரத்தின் பெயரையும் இலக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். வேட்பாளர் ஒருவர் கண்டி வீதியைத் திருத்தித் தருவேன் என்றால் அது யாருடைய வீதி என்று கேளுங்கள். ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. உங்கள் ஒழுங்கை, அதன் வடிகால், குப்பை, தெருவிளக்கு, சந்தை, மயானம் ஆகியவைதான் சபையின் அலுவல். அவற்றைப் பற்றி என்ன செய்வார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

கோண்டாவிலிலிருந்து: கட்சிக்குப் போட்ட பிறகு விருப்பு வாக்கு எத்தனை போடலாம்?

ஒன்றும் போட முடியாது. 2018 முதல் உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குள் விரும்பும் வேட்பாளருக்குப் போடும் வாக்கு, இல்லை. வாக்குச்சீட்டில் கட்சி அல்லது சுயேச்சைக்குழுவின் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கும். ஒரே ஒரு புள்ளடி (X). இரண்டு இடத்தில் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும்.

கொக்குவிலிலிருந்து: எங்கட வட்டாரத்தில நான் விரும்புற குழு வெல்லாது. எல்லாருக்கும் தெரியும். அப்ப போய் வரிசையில நிக்கிறது வீண்தானே?

இல்லை. இந்த முறைமையில் ஆகப் பெரிய தவறான விளக்கம் இதுதான். உங்கள் புள்ளடி இரண்டு தரம் எண்ணப்படுகிறது. முதலில் வட்டாரத்தில் யார் வென்றார் என்பதற்கு. பிறகு சபை முழுவதும் ஒவ்வொரு கட்சிக்கும் எத்தனை ஆசனம் என்பதற்கு. வட்டாரத்தில் தோற்ற வாக்கும் இரண்டாவது கணக்கில் முழுப் பெறுமதியோடு நிற்கும்.

கற்பனைச் சபை ஒன்றை எடுப்போம். உறுப்பினர் 20: வட்டாரங்களில் வென்று வருபவர் 12, கட்சிகளின் பட்டியலிலிருந்து வருபவர் 8. அதாவது 60க்கு 40 வீதம். செல்லுபடியான வாக்குகள் 20,000. அதை 20ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 1,000 வாக்கு. வாக்குகள் இப்படி விழுந்தன என்று வையுங்கள்: அ கட்சி 8,400, ஆ கட்சி 5,700, இ கட்சி 3,600, ஈ கட்சி 1,300, சுயேச்சைக்குழு 1,000.

முழு ஆயிரங்களுக்கு முறையே 8, 5, 3, 1, 1. கூட்டினால் 18. மிச்சம் 2 ஆசனம். அவை எஞ்சிய வாக்கு கூடியவர்களுக்குப் போகும். ஆ கட்சிக்கு 700 எஞ்சியிருக்கிறது, இ கட்சிக்கு 600. ஆகவே முடிவான உரித்து 8, 6, 4, 1, 1.

அடுத்ததாக வட்டாரங்களைக் கழியுங்கள். அ கட்சி 7 வட்டாரமும், ஆ கட்சி 4உம், இ கட்சி 1உம் வென்றிருந்தால் பட்டியலில் அவர்களுக்கு 1, 2, 3. ஈ கட்சியும் சுயேச்சையும் ஒரு வட்டாரமும் வெல்லவில்லை, ஆனாலும் ஆளுக்கு ஓர் ஆசனம். உங்கள் குழு சபை முழுவதிலும் ஓர் ஆசனத்துக்குப் போதிய வாக்கைச் சேர்க்கிறதா இல்லையா என்பதில் கொக்குவிலில் விழும் ஒவ்வொரு வாக்குக்கும் பங்கிருக்கிறது.

கரவெட்டியிலிருந்து: அ கட்சி உரித்தை விடக் கூட வட்டாரம் வென்றால்? ஒருவரைத் திருப்பி அனுப்புவார்களா?

நல்ல கேள்வி. வென்றவரை யாரும் அனுப்ப முடியாது. அதே கணக்கில் அ கட்சி 10 வட்டாரமும் ஆ கட்சி 2உம் வென்றால், அ கட்சி 8க்குப் பதிலாக 10ஐ வைத்துக்கொள்ளும். மற்றவர்களுடைய உரித்தில் கை வைப்பதில்லை. சபைதான் 22 ஆகப் பெருகும். கொழும்பு மாநகர சபைக்கு உரிய எண்ணிக்கை 110. 2018இல் அது 119 ஆனது, 2025இல் 117 ஆனது. கதிரையும் கொடுப்பனவும் சபை நிதியில்தான் போகும் என்பதால் இந்த முறைமையின் உண்மையான பலவீனம் இது என்றே நினைக்கிறேன்.

லண்டனிலிருந்து: இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கு. தூதரகத்தில வாக்களிக்கலாமா?

முடியாது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க ஏற்பாடு இல்லை.

சாவகச்சேரியிலிருந்து: கூட ஆசனம் எடுத்த கட்சிதானே தவிசாளரை எடுக்கவேணும்? தோத்தவை எல்லாம் சேர்ந்து பிடிக்கிறது மக்கள் ஆணைக்கு மாறு.

உங்கள் கோபம் விளங்குகிறது, ஐயா. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கட்சி சபையில் பாதி ஆசனத்தைப் பெற்றால், மாநகர முதல்வரை அல்லது மற்றச் சபைகளின் தவிசாளரை அந்தக் கட்சியே பெயர் குறிக்கும். பெறாவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். வாக்கு பகிரங்கமா இரகசியமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். சமமாக விழுந்தால் திருவுளச்சீட்டு.

யாழ். மாநகர சபையைப் பாருங்கள். 45 ஆசனத்தில் பெரும்பான்மைக்கு 23 வேண்டும். 2018இல் தமிழரசுக் கட்சி எடுத்தது 16. 2025இல் அதே கட்சிக்கு 13, தமிழ்க் காங்கிரசுக்கு 12, தேசிய மக்கள் சக்திக்கு 10.

மீண்டும் சாவகச்சேரி: 13 எண்டாலும் முதலிடம் முதலிடம்தானே?

முதலிடம்தான். ஆனால் 45இல் 13 என்றால் மிச்சம் 32 பேர் வேறு கட்சிகளின் ஆட்கள். அந்த 32 பேருக்குப் போட்டவர்களும் மக்கள்தான். எனவே பேசித்தான் ஆகவேண்டும். எதிர்த்தரப்பு ஆதரவு தராமல் நடுநிலை வகித்தாலே முதல்வர் வந்துவிடலாம். அதற்குப் பிறகுதான் வில்லங்கம். ஒவ்வொரு டிசம்பரிலும் பாதீடு (வரவு செலவுத் திட்டம்) வரும். 2020 டிசம்பரில் யாழ். மாநகர பாதீடு இரண்டு தரம் தோற்று, அப்போதைய முதல்வர் இம்மானுவேல் ஆர்னோல்ட் பதவி இழந்தார். அம்மாத முடிவில் வி. மணிவண்ணன் முதல்வரானார். தேர்தல் எதுவும் நடக்கவில்லை.

உரும்பிராயிலிருந்து: குறுக்க வாறதுக்கு மன்னிக்கவேணும். முதல்வரை மக்கள் நேரடியாத் தெரிவு செய்தால் இந்தப் பிரச்சினை இல்லைத்தானே?

பிரச்சினை இடம் மாறும், தீராது. நேரடியாக வந்த முதல்வருக்கும் பாதீட்டை நிறைவேற்றச் சபையில் கை வேண்டும். 45இல் 13 பேரோடு அவர் என்ன செய்வார்? எனக்குத் தேவையாகப் படுவது வேறு: வாக்களிப்புக்கு முன்பே ஒவ்வொரு கட்சியும் யாரோடு சேர்வோம், யாரோடு சேரமாட்டோம் என்று எழுத்தில் சொல்லவேண்டும். கூட்டத்துக்கு வரும் வேட்பாளரிடம் இதை நேரில் கேளுங்கள். சாவகச்சேரி ஐயா கேட்கும் மக்கள் ஆணைக்கு அப்போதுதான் பொருள் இருக்கும்.

இந்த விவாதத்தில் வேட்புமனுக் கேள்வி பின்தங்கிவிட்டது. அதுக்கு வருகிறேன்.

காரைநகரிலிருந்து: நாங்கள் கொஞ்சப் பேர் சுயேச்சைக்குழுவாக் கேட்க யோசிக்கிறம். எங்க பிழைக்கும்?

கடதாசியில் பிழைக்கும். வாக்கில் தோற்பதற்கு முன்பே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தோற்ற குழுக்கள் பல.

கட்டுப்பணம் முதலாவது. 2025இல் சுயேச்சைக்கு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா, கட்சிக்கு 1,500. முழுப் பட்டியலுக்கும் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தேர்தலில் கட்டுப்பணம் மார்ச் 19உடனும் வேட்புமனு மார்ச் 20 மதியத்துடனும் முடிந்தது. கடைசி நாளை நம்பி இருக்கவேண்டாம்.

பட்டியல் இரண்டு: வட்டார வேட்பாளர் ஒன்று, பட்டியல் ஆசனத்துக்கான மேலதிக வேட்பாளர் மற்றது. முதலாவதில் பெண்கள் 10 வீதம், இரண்டாவதில் 50 வீதம். ஒரு பெயர் குறைந்தாலும் முழு மனுவும் போகும். கடைசி நேரத்தில் ஒரு பெண் வேட்பாளர் விலகினால் என்ன செய்வீர்கள் என்று இப்பவே யோசியுங்கள்.

35 வயதுக்கு உட்பட்ட இளையோருக்கு உறுதிப்படுத்திய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி அல்லது சத்தியக்கடதாசி வேண்டும். 2025இல் நாடு முழுக்க மனுக்கள் இதில் சிக்கி, வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு பிரதியையும் திருப்பிப் பாருங்கள்: பெயர் மனுவில் உள்ளபடி இருக்கிறதா, உறுதிப்படுத்தியவரின் கையொப்பமும் முத்திரையும் தெளிவா? அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைச் சத்தியத்திலும் ஒவ்வொரு வேட்பாளரும் கையொப்பமிடவேண்டும். வேலைக்காகக் கொழும்பில் நிற்பவரை முதல் கிழமையே கூப்பிட்டு ஒப்பம் வாங்குங்கள்.

மானிப்பாயிலிருந்து: விருப்பு வாக்கு மூண்டா?

மேலே கோண்டாவிலுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வேலணையிலிருந்து: சபையில் 25 வீதம் பெண்கள் என்றார்கள். சில கட்சியில் ஒருவரும் இல்லையே?

மொத்த வாக்கில் 20 வீதத்துக்குக் குறைவும், மூன்று உறுப்பினருக்குக் குறைவும் உள்ள கட்சிக்கு அந்தக் கடப்பாடு இல்லை. பெரிய கட்சிகள் பட்டியல் ஆசனத்தால் குறையை நிரப்பவேண்டும். வட்டாரத்திலேயே வெல்லக்கூடிய பெண்களை நிறுத்தினால் இந்த இழுபறி வராது. ஆனால் வெல்லும் வட்டாரத்தைக் கட்சிகள் பெண்களுக்குக் கொடுப்பது குறைவு.

அரியாலையிலிருந்து: வாக்காளர் அட்டை வரவில்லை. போகலாமா?

போகலாம். இடாப்பில் பெயர் இருந்தால் போதும். ஆனால் அடையாள அட்டை கட்டாயம்: தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை போன்றவை. வாக்காளர் அட்டையை மட்டும் கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். கடந்த தேர்தலில் காலை 7 முதல் மாலை 4 வரைதான் நேரம். பின்னேரம் போகலாம் என்று இருக்கவேண்டாம்.

நல்லூரிலிருந்து: விருப்பு வாக்கு...

இல்லை. ஒரு புள்ளடி.

சங்கானையிலிருந்து: போன தேர்தலில் தோத்துப்போனன். செலவறிக்கை வெண்டவைக்குத்தானே?

தோற்றவருக்கும் உண்டு, தம்பி. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, பெறுபேறு வந்து 21 நாளுக்குள் தெரிவத்தாட்சி அலுவலரிடம் (தேர்தலை நடத்தும் அலுவலரிடம்) கொடுக்கவேண்டும். துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி, வாகனம், முகநூல் விளம்பரம் எல்லாம் அடங்கும். உங்களுக்காக இன்னொருவர் கட்டிய காசும் அடங்கும். கொடுக்காமல் விட்டிருந்தால் அது குற்றம். கைவசம் உள்ள பற்றுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.