777 கொடுத்ததும் தளம் வந்துவிட்டது, அப்படியே விடலாமா?

கேள்வி: கிளவுடில் ஒரு விர்ச்சுவல் மெஷின் எடுத்து, உபுண்டு 22.04, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பிஎச்பி எல்லாம் போட்டு, எங்கள் கடைக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளம் அமைத்தேன். ஃபைல்களை என் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறேன். தளத்தைத் திறந்தால் 403 ஃபார்பிடன், அதாவது அனுமதி இல்லை என்று வந்தது. இணையத்தில் தேடி, பெர்மிஷனை மாற்றும் சிஎச்மாட் கமாண்டால், ஹோம் முழுவதற்கும் சிஎச்மாட் ஹைபன் ஆர் 777 கொடுத்தேன். உடனே தளம் வந்துவிட்டது. இப்படியே விடலாமா? கூடாது என்றால் சரியான பெர்மிஷன் என்ன?

பதில்: விடக் கூடாது. மூன்று இலக்கங்களும் வரிசையாக உரிமையாளர், குரூப், மற்றவர்கள் ஆகியோரின் உரிமை. படிக்க 4, எழுத 2, எக்ஸிக்யூட் எனும் ஓட்டும் உரிமைக்கு 1, கூட்டினால் 7. ஆக 777 என்றால் எல்லோருக்கும் எல்லா உரிமையும். அதற்கும் முன்னால் ஒரு அவசர வேலை இருக்கிறது. இப்போது சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) விண்டோ ஏதாவது திறந்திருந்தால் அதை மூடாதீர்கள். ஹோம் ஃபோல்டரிலோ அதற்குள் இருக்கும் டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரிலோ மற்றவர்கள் எழுதலாம் என்ற நிலை இருந்தால், எஸ்எஸ்எச் சர்வர் உங்கள் சாவியை நம்பாது. அடுத்த முறை லாகின் செய்யும்போது வெளியே நிறுத்திவிடும். எனவே முதலில் ஹோமுக்கு 750, டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, உள்ளே விடலாம் என்ற சாவிகளின் பட்டியலான ஆதரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600 கொடுங்கள். பழைய விண்டோவை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய விண்டோ ஒன்றில் லாகின் ஆகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வெளியே மாட்டிக்கொண்டிருந்தால், கிளவுட் நிறுவனம் தரும் கன்சோல் வழியாக உள்ளே போகலாம். அதுவும் இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டித் திருத்த வேண்டியிருக்கும்.

ஹோமுக்கு 750 கொடுத்ததும் தளம் மறுபடி 403 காட்டும். பதற வேண்டாம், காரணமே அங்கேதான் இருக்கிறது. உபுண்டுவில் தளத்தின் ஃபைல்களைப் படிப்பது நீங்கள் அல்ல, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசர். என்ஜின்எக்ஸின் வொர்க்கரும், பிஎச்பி கோடை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் அந்தப் பெயரில்தான் ஓடுகின்றன. ஒரு ஃபைலை எட்ட, வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்த யூசருக்கு எக்ஸிக்யூட் உரிமை வேண்டும். ஃபோல்டருக்கு அது உள்ளே நுழையும் உரிமை. உள்ளறை திறந்தே கிடந்தாலும் வாசல் கதவு பூட்டியிருந்தால் யாரும் நுழைய முடியாதல்லவா? உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆகத்தான் உருவாகின்றன. அதற்கு முன்பு 755. ஹோமில் தளத்தை வைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் 22.04-ல் 403-இல் போய் முட்டுவது இதனால்தான். உங்கள் பக்கம் தவறே இல்லாமல் இந்தப் பிரச்சினை வந்திருக்கலாம்.

403 வந்தால் முதலில் என்ஜின்எக்ஸின் எரர் லாக்கைப் பாருங்கள். அதில் 13, பெர்மிஷன் டினைட் என்று இருந்தால் உரிமைப் பிரச்சினை. அடுத்து, நேம்ஐ ஹைபன் எல் என்று கொடுத்து, பக்கத்தில் தளத்தின் முழு பாதையையும் எழுதுங்கள். ரூட்டிலிருந்து கடைசி ஃபைல் வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரும் பெர்மிஷனும் வரிசையாக வரும். எந்தப் படியில் அடைபட்டிருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இத்தனை பேர் 777 கொடுத்துத் தப்பிக்கப் பார்ப்பதற்கு, இந்த ஒரு கமாண்ட் தெரியாததுதான் பெரிய காரணம் என்பேன். ஒரு கதவு எங்கே என்று தேடாமல் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிடுகிறார்கள்.

சரியான இடம் ஹோம் அல்ல. வார் ஃபோல்டருக்குள் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று ஒன்று இருக்கிறது, தளத்தை அங்கே நகர்த்தி, என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் ரூட் வரியை மாற்றுங்கள். பிறகு உரிமையாளராக உங்கள் யூசர், குரூப்பாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்று மாற்றுங்கள். ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணுக்குப் பதிலாக பெரிய எழுத்து எக்ஸ் போட்டு ஒரே வரியில் சிஎச்மாட் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த எக்ஸ், ஏற்கெனவே எக்ஸிக்யூட் இருக்கும் ஃபைல்களை அப்படியே விட்டுவிடும். நீங்கள் 777 கொடுத்துவிட்டதால் எல்லா ஃபைலிலும் எக்ஸிக்யூட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே ஃபைண்ட் கமாண்டால் டைப் டி என்று ஃபோல்டர்களைத் தனியாகவும், டைப் எஃப் என்று ஃபைல்களைத் தனியாகவும் பிடித்து மாற்றுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலுக்கு மட்டும் 640.

எழுதும் உரிமை வெப் சர்வருக்கு எங்கே தேவை? படங்கள் ஏறும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் மட்டும். அதன் உரிமையாளரை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா ஆக்குங்கள். ஒரு பிளகினில் ஓட்டை இருந்தாலும், நுழைபவரால் உங்கள் கோடை மாற்ற முடியாது. ஆனால் அப்லோட்ஸில் ஒரு பிஎச்பி ஃபைலைப் போட்டு அதை ஓட வைக்கலாம். எனவே அந்த ஃபோல்டரில் பிஎச்பி ஓடக் கூடாது என்று என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் ஒரு லொகேஷன் பிளாக் (குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமான விதி) எழுதுங்கள். அது பொதுவான பிஎச்பி பிளாக்குக்கு மேலே இருக்க வேண்டும். ரெஜெக்ஸ், அதாவது எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் பிளாக்குகளில், முதலில் பொருந்துவதைத்தான் என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொள்ளும், கீழே எழுதினால் பயனில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. கோட் உங்கள் யூசரின் பெயரில் இருப்பதால், டாஷ்போர்டில் அப்டேட் பட்டனைத் தட்டினால் வேர்ட்பிரஸ் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் வழி) லாகின் விவரம் கேட்கும். கேட்கிறதே என்று எல்லாவற்றையும் வெப் சர்வருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். கமாண்ட் கொடுத்து வேர்ட்பிரஸை இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியைப் போட்டு உங்கள் யூசரிலிருந்தே அப்டேட் செய்யுங்கள். செக்யூரிட்டி அப்டேட் தள்ளிப்போகக் கூடாது என்பதால், இதை வாரம் ஒரு முறை செய்வதாக நாள் குறித்துக்கொள்ளுங்கள். அதே கருவியில் கோர் வெரிஃபை-செக்சம்ஸ் என்று ஒன்று உண்டு. 777 இருந்த நாட்களில் வேர்ட்பிரஸின் மூல ஃபைல்களை யாராவது மாற்றினார்களா என்று அது காட்டும். அப்லோட்ஸில் பிஎச்பி ஃபைல் ஏதும் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

ஃபயர்வாலில் தளத்துக்கான 80, 443 போர்ட்டுகள் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். எஸ்எஸ்எச்சின் 22 உங்கள் ஐபிக்கு மட்டும். டேட்டாபேஸின் 3306 வெளியே திறக்கவே வேண்டாம்.

ராக்கி, அல்மா போன்ற ரெட் ஹேட் வகை மெஷினாக இருந்தால் இத்தனையும் சரியாக இருந்தும் 403 வரலாம். அங்கே எஸ்இலினக்ஸ் என்ற தனிக் காவல் உண்டு. அது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒட்டும் லேபிளைப் பார்க்கும். ஹோமிலிருந்து எம்வி கமாண்டால் நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும், ரெஸ்டோர்கான் கமாண்ட் கொடுத்தால் சரியாகும். உங்களுடையது உபுண்டு, ஆகையால் கவலையில்லை.

எல்லாம் முடித்ததும், சூடோ ஹைபன் யூ என்று வெப் சர்வர் யூசரின் பெயரில் டச் கமாண்ட் கொடுத்து, அப்லோட்ஸுக்குள் ஒரு வெற்று ஃபைலை உருவாக்கிப் பாருங்கள், அது உருவாக வேண்டும். அதையே தளத்தின் முதன்மை ஃபோல்டரில் செய்தால் பெர்மிஷன் டினைட் வர வேண்டும். இரண்டும் இப்படியே வந்தால், சோதனை ஃபைலை அழித்துவிட்டு அந்தப் பழைய எஸ்எஸ்எச் விண்டோவை மூடலாம்.