ஜல்லிக்கு நிறம் மட்டும் போதுமா?

அன்புள்ள அண்ணா,

மாடல் ரயில் பாதைகளை வரைந்து பார்ப்பதற்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜல்லியையும் காட்டச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று போட்டால் போதும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமா?

வாசகர், பெரம்பூர்

அன்புள்ள தம்பி,

பட்டை போடுங்கள், ஆனால் எல்லாப் பாதைக்கும் ஒரே பட்டையைப் போட்டுவிடாதீர்கள். பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டு போனால் தெரியும், மெயின் லைனில் ஜல்லி மேடு கட்டி இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கும், ரயில்களை நிறுத்தி வைக்கிற யார்டுக்குள் போனால் அந்த மேடே இருக்காது, பாதைக்குப் பாதை இடைவெளி தெரியாமல் எல்லாம் ஒரே தரையாக எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்திருக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-இல் திறந்த மெட்ரோவில் ஜல்லியே இல்லை, கான்கிரீட்தான். ஆக, ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும்: மேடு, தட்டை, ஜல்லி இல்லாதது.

அகலம்தான் முக்கியம். ரயிலின் எடையைப் பரப்பி மண்ணில் இறக்குவதும், மழைநீரை வடிய விடுவதும், வெயிலில் நீளப் பார்க்கும் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியாமல் பிடித்துக்கொள்வதும் ஜல்லியின் வேலை. அதனால்தான் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பரின் முனைக்கு வெளியேயும் தோள் மாதிரி ஜல்லி போடுகிறார்கள். நம் அகலப்பாதை கான்கிரீட் ஸ்லீப்பர் 2750 மி.மீ. நீளம். இரண்டு பக்கமும் 350 மி.மீ. தோள் என்று வைத்தால் மேல் அகலம் 3450. நிஜத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:87 மாடல் அளவில் அது ஏறத்தாழ 40 மி.மீ. ஸ்லீப்பருக்குக் கீழே 300 மி.மீ. ஜல்லி, அதோடு ஸ்லீப்பரின் கனம், சரிவு ஒன்றரைக்கு ஒன்று (ஒரு பங்கு உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு அகலம்) என்று கணக்குப் போட்டால் மாடலில் அடி அகலம் 57 மி.மீ. வரை வந்துவிடுகிறது. பக்கத்துப் பாதை 5.3 மீட்டர் தள்ளி, அதாவது மாடலில் 61 மி.மீ. தள்ளி இருக்கிறது. இரண்டு மேடுகளின் அடிவாரமும் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும்! பயன்படுத்துகிறவர் பலகையை அறுப்பதற்கு முன்பே இது திரையில் தெரிய வேண்டும். ஆனால் இந்த எண்களை நிரந்தரமாக உள்ளே வைத்துவிடாதீர்கள், பலரும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மி.மீ. இடைவெளி உள்ள பாதையைத்தான் வாங்கி ஓட்டுகிறார்கள், நம் அகலப்பாதைக்குச் சரியாகப் பார்த்தால் அது 19.3 மி.மீ. இருக்க வேண்டும். தோள், உயரம், சரிவு மூன்றையும் அவர்களே மாற்றிக்கொள்ளட்டும்.

வரையும்போது ஒரு சிக்கல் வரும். ஒவ்வொரு பாதையையும் ஜல்லியோடு சேர்த்து வரைந்தால், பின்னால் வரைகிற பாதையின் ஜல்லி முன்னால் வரைந்த தண்டவாளத்தை மூடிவிடும். முதலில் எல்லா ஜல்லியையும் வரைந்து முடியுங்கள், அப்புறம் ஸ்லீப்பர், கடைசியில் தண்டவாளம். ஒரு பாதை இன்னொன்றுக்கு மேலே பாலத்தில் போனால் மட்டும் மட்டவாரியாகப் பிரித்து இதே வரிசையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை சாம்பல், செம்பழுப்பு, கறுப்பு மூன்றும் போதும். ரயில் பிரேக் பிடிக்கிற ஸ்டேஷன் பக்கம் இரும்புத் தூள் படிந்து ஜல்லி பழுப்பாகிவிடும், அதற்குத்தான் இரண்டாவது.

எவ்வளவு ஜல்லி வாங்க வேண்டும் என்று சொல்கிற வசதியையும் சேர்த்துவிடுங்கள், அகலமும் உயரமும் கையில் இருக்கும்போது அது பெரிய வேலை இல்லை. மாடல் பாதைக்கு அடியில் கார்க் தகடு ஒட்டுகிறவர்கள் நிறைய, அதன் கனத்தைக் கழிக்க மறக்காதீர்கள். பாதை பிரிகிற இடத்தில் நகரும் நாக்குகளைச் சுற்றி ஜல்லி குறைவாகத்தான் போட முடியும், ஜல்லியை ஒட்டுகிற பசை பட்டால் அவை அசையாது.

பழைய கோப்புகளைத் திறக்கும்போது ஜல்லி வராமல் இருக்கட்டும், வேண்டும் என்கிறவர் போட்டுக்கொள்வார். சோதனைப் பதிப்பு தயாரானதும் அனுப்புங்கள், ராயபுரம் ஸ்டேஷனை அதில் வரைந்து பார்க்க ஆசை.