வாரிசு சான்றிதழில் ஆறு பேர், ஆளுக்கு எவ்வளவு?

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "வாப்பா மௌத்தாகி (இறந்து) எட்டு மாதம் ஆகிறது. உம்மா, இரண்டு காக்காமார் (அண்ணன்மார்), நாங்கள் மூன்று பெண்கள். சின்ன காக்கா சவூதியில். 40 சென்ட் தென்னந்தோப்பும் வங்கியில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. வாரிசு சான்றிதழில் ஆறு பெயரும் வந்துவிட்டதால் சமமாகப் பிரியுமா? பெரிய காக்காவோ, 'உங்களுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, பங்கு கிடையாது. வங்கியில் நாமினியும் நான்தான்' என்கிறார்."

சமமாகவும் பிரியாது, உங்களுக்கு இல்லாமலும் போகாது. தாசில்தார் தரும் சான்றிதழ் யார் யார் வாரிசு என்பதோடு நின்றுவிடும். யாருக்கு எவ்வளவு என்பது ஷரீஅத், அதாவது இஸ்லாமியச் சட்டத்தின் கணக்கு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின்படி நீதிமன்றமும் அதைத்தான் பார்க்கும்.

உங்கள் வீட்டுக் கணக்கு அதிசயமாக உடையாமல் வருகிறது. பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. அதாவது உம்மாவுக்கு 5 சென்ட், காக்காமாருக்கு ஆளுக்கு 10, பெண்களுக்கு ஆளுக்கு 5. வாப்பாவைப் பெற்றவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் இதை அப்படியே அழித்துவிடுங்கள். வாப்பாவின் உம்மா ஒருவர் இருந்தாலே அவருக்கு ஆறில் ஒன்று போகும். மூலையில் படுத்திருக்கும் கிழவியைக் கணக்கில் விட்டுவிட்டு, பத்திரம் எழுதும் நேரத்தில் முழிக்கிற வீடுகள் உண்டு.

பிரிப்பதற்கு முன்னால் அடக்கச் செலவும் கடனும் கழியவேண்டும். உம்மாவிடம் கேளுங்கள், மஹர் (நிக்காஹில் கணவர் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்டது) கைக்கு வந்ததா என்று. அவர் சிரிக்கக்கூடும். ஆனால் கொடுக்காத மஹர் வாப்பா வைத்துவிட்டுப் போன கடன்தான். அது எட்டில் ஒன்றுக்குள் அடங்காது, தனி.

இனி நகைக்கு வருவோம். கல்யாணத்துக்குப் போட்ட பவுன் வாப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்தது. வாரிசுப் பங்கோ அவர் கண்மூடிய பிறகுதான் பிறக்கிறது. பிறக்காத பங்கை நகையில் கழிக்க முடியாது. வாப்பா இருக்கும்போதே 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று எழுதிக்கொடுத்தாலும் பொதுவாகச் செல்லாது. ஒரு விலக்கு உண்டு. அப்படி எழுதிக்கொடுத்ததற்கு ஈடாகப் பணமோ சொத்தோ வாங்கியிருந்தால், பிறகு பங்கு கேட்பதை நீதிமன்றம் தடுக்கலாம். உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்னதுண்டு. நீங்கள் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. வெறும் நகைப் பேச்சு என்றால் பயப்படவேண்டாம்.

நாமினி விஷயம் சின்னது. வங்கி பணத்தைக் காக்கா கையில் கொடுத்துவிடும், சரி. ஆனால் அது வாரிசுகளின் பணம். அவர் அதே கணக்கில் பிரித்துக் கொடுக்கவேண்டியவர்.

ஜமாஅத்தில் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) ஃபராயிள் கணக்கு, அதாவது ஷரீஅத் பங்கு விவரம், எழுதி வாங்குவது நல்லதுதான், வீட்டுச் சண்டை பாதி அங்கேயே அடங்கும். ஆனால் அந்தத் தாளைக் காட்டித் தோப்புக்குப் பட்டா மாற்ற முடியாது. ஆறு பேரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவேண்டும். சின்ன காக்கா வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள். தோப்பின் மூலப்பத்திரம் 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்தது என்றால் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரை இப்போதே பிடித்து வையுங்கள்.

பெரிய காக்கா ஒத்துவராவிட்டால் பாகம் கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். அதுவரை அவர் தோப்பு முழுவதையும் விற்று எழுதினாலும் அவருடைய பங்கு மட்டுமே வாங்கியவருக்குப் போகும். அப்படி ஏதும் பதிவாகிறதா என்று அவ்வப்போது வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள்.