ஒன்றும் இல்லாததற்கா அந்த ஸ்கேன்?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 24 வயது. முதல் பிள்ளை, ஏழாம் மாதம் நடக்கிறது. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வளைகாப்புக்காக பஸ்ஸில் உசிலம்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்தோம். வந்த மூன்றாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி எடுத்தது. மறுநாள் காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. மூச்சை இழுத்தால் விலாவில் சுருக்கென்று குத்தியது. மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். காலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி தெரியவில்லை. ஆனாலும் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம் என்று சொல்லி, அன்று இரவே ஊசியில் மருந்து ஏற்றி நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் கட்டி இல்லை. ரத்தம் 7.9 தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து மருந்து ஏற்றி அனுப்பினார்கள். இப்போது மூச்சு பரவாயில்லை. வீட்டில்தான் நிம்மதி இல்லை. “ரத்தக் குறைவு என்பது விரலில் குத்திப் பார்த்தாலே தெரிந்திருக்குமே, ஒன்றும் இல்லாததற்குப் பிள்ளையைக் கதிரில் காட்டிவிட்டார்களே” என்று அத்தை அழுகிறார். குழந்தைக்கு ஆபத்தில்லாத வேறு ஸ்கேன் இருக்கிறதாம், அதை ஏன் எடுக்கவில்லை என்று ஓர் உறவினர் கேட்கிறார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். இரவில் குழந்தை அசையாமல் இருந்தால், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் நடுங்குகிறது. என்னை உங்கள் மகளாக நினைத்துப் பதில் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: மகளாக நினைக்கச் சொல்லிவிட்டாய்; ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், காரணம் எதுவாக இருந்தாலும், இரவு எத்தனை மணியானாலும், மருத்துவமனைக்குப் போய் இதயத்துடிப்பைப் பார்த்துவிடு. விடியட்டும் என்று படுத்திருக்காதே. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்வது. அந்த ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இனி ஸ்கேன். நீ கையெழுத்துப் போட்டது சரி. உன் இடத்தில் நான் பெற்ற மகள் இருந்திருந்தால் நானே பேனாவை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பிரசவத்தின்போது ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, உடம்பு மாதக்கணக்கில் ஒரு முன்னேற்பாடு செய்துகொள்கிறது. ரத்தம் எளிதில் உறையும் தன்மைக்கு மாறிவிடுகிறது. கூடவே, வளர்ந்த கருப்பை அடிவயிற்றில் உள்ள பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துவதால் காலில் இருந்து மேலே ஏறும் ரத்தம் தயங்கித் தயங்கி நகர்கிறது. இதனால் கர்ப்பிணிக்கு ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட நாலைந்து மடங்கு கூடுதல். ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருகிறது என்றாலும், வந்தவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. கர்ப்பிணிகளுக்குக் காலில் கட்டி வந்தால் பெரும்பாலும் இடது காலில்தான் வரும். இடது பக்கத்துச் சிரையின் மேல் ஒரு தமனி குறுக்கே ஓடுவதால், அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். காலிலோ இடுப்புக்குள்ளோ உறைந்த கட்டியில் ஒரு துண்டு கழன்று, ரத்தத்தோடு போய் நுரையீரல் குழாயை அடைத்துக்கொள்வதைத்தான் உன் மருத்துவர்கள் பயந்தார்கள்.

நீ சொன்னவற்றைக் கோத்துப் பார். நாலு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம், இடது கெண்டைக்காலில் வலி, திடீர் மூச்சுவாங்கல், படபடப்பு, மூச்சை இழுத்தால் குத்தும் வலி. இத்தனையும் ஒன்றாக வந்த கர்ப்பிணியை, விரலில் குத்தி ரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் மருத்துவரிடம் நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

உன் அத்தை கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் விரலில் குத்தினால் ரத்தம் குறைவு என்பது தெரியும். நுரையீரலில் கட்டி இல்லை என்பது தெரியாது. ரத்தச்சோகை மூச்சுவாங்கலுக்கும் படபடப்புக்கும் காரணமாகலாம். ஒரு விலாவில் மட்டும் குத்தும் வலிக்கும் ஒரு காலில் மட்டும் வரும் வலிக்கும் அது காரணம் ஆகாது. சோகையும் கட்டியும் ஒரே உடம்பில் சேர்ந்தும் வரும். 7.9 ரத்தம் உள்ளவளுக்குக் கட்டியும் வந்துவிட்டால் தாங்கும் தெம்பு இன்னும் குறைவு.

வரிசையாகத்தான் போயிருக்கிறார்கள். முதலில் காலுக்கு டாப்ளர். அது ஒலி அலை, கதிர் இல்லை. காலிலேயே கட்டி தெரிந்திருந்தால் நுரையீரல் ஸ்கேனே வேண்டியிருக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தெரியாததால் மட்டும் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. கட்டி இடுப்புக்குள் இருந்தால் டாப்ளரில் சிக்காது. முழுவதும் கழன்று மேலே போயும் இருக்கலாம். கட்டிக்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, டி-டைமர் என்று பெயர். கர்ப்பத்தில் அது இயல்பாகவே ஏறி நிற்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. வயிற்று ஸ்கேனைப்போல நெஞ்சையும் பார்க்கலாமே என்றால், நுரையீரல் முழுக்கக் காற்று, ஒலி அலை அதற்குள் நுழையாது.

குழந்தைக்கு எவ்வளவு கதிர் போயிருக்கும்? அன்றைக்கு மேசையில் படுத்ததை நினைத்துப் பார். ஒரு பக்கமாகச் சாய்த்து முதுகுக்குக் கீழே தலையணை வைத்திருப்பார்கள். கையில் ஊசி மருந்து ஏறியதும் தொண்டையில் இருந்து அடிவயிறு வரை சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றியிருக்கும். “மூச்சை நிறுத்துங்கள்” என்று ஒரு குரல், மேசை நகர்தல், சில வினாடிகள், அவ்வளவுதான். அந்தச் சில வினாடிகளும் கதிர் பாய்ந்தது உன் நெஞ்சுப் பகுதியில். வயிறு அந்தக் கதிரின் பாதைக்கு வெளியே இருந்தது. உள் அறையில் எரியும் விளக்கின் வெளிச்சம் திண்ணையில் மங்கலாக விழுவதுபோல, உடம்புக்குள் சிதறி வந்த கொஞ்சம்தான் குழந்தையைத் தொட்டிருக்கும்.

அந்தக் கொஞ்சத்துக்குக் கணக்கு இருக்கிறது. கதிரை மில்லிகிரே என்ற அளவில் சொல்வார்கள். நெஞ்சு சிடி ஸ்கேனில் வயிற்றுப் பிள்ளைக்குப் போவது ஒரு மில்லிகிரேகூட இல்லை, ஏறக்குறைய 0.01 முதல் 0.66 வரை. எந்த ஸ்கேனும் எடுக்காத தாயின் வயிற்றிலும், மண்ணிலும் காற்றிலும் இயற்கையாக உள்ள கதிரால் பத்து மாதத்தில் அரை மில்லிகிரே முதல் ஒன்று வரை குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. உறுப்புகளில் குறை உண்டாகும் பயம் 50, 100 மில்லிகிரே என்று ஏறும்போதுதான், அதுவும் முக்கியமாக உறுப்புகள் உருவாகும் முதல் மாதங்களில். உன் பிள்ளைக்குக் கை, கால், இதயம் எல்லாம் எப்போதோ உருவாகிவிட்டன. பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இம்மி அளவும் கூடாதா என்று கேட்டால், சுத்தமாக இல்லை என்று சொல்லமாட்டேன். மிக மிகச் சிறிது கூடும். மற்றக் குழந்தைகளுக்கு இயல்பாக உள்ள வாய்ப்பில் இருந்து பிரித்துக் காட்ட முடியாத அளவு சிறிது.

உண்மையில் அன்றைக்குக் கூடுதல் கதிர் வாங்கியது உன் மார்பு. கர்ப்பத்தில் மார்புத் திசு வளர்ந்துகொண்டிருப்பதால் மருத்துவர்கள் இதை யோசித்தே செய்வார்கள். அந்த ஆபத்தும் சிறியதுதான். அதை நீ உன் பிள்ளைக்குத் தாயாக உயிரோடு இருப்பதற்காக ஏற்றுக்கொண்டாய்.

உறவினர் சொன்ன வேறு ஸ்கேன் இருப்பது உண்மை. டெக்னீஷியம் என்ற, மெல்லக் கதிர் வீசும் மருந்தைக் கையில் செலுத்தி, நுரையீரலுக்குள் ரத்தம் எங்கெங்கே போகிறது என்று காமிராவில் பார்ப்பார்கள். மார்புக்கு அதில் கதிர் குறைவு. குழந்தைக்குப் போகும் கதிரோ, சிடி ஸ்கேனில் போவதற்குச் சமம் அல்லது சற்றுக் கூடுதல். அதனால் ‘குழந்தைக்கு ஆபத்தில்லாத ஸ்கேன்’ என்று அதைத் தனியாகச் சொல்வது சரியல்ல. இரண்டுமே பயப்படத் தேவையில்லாத அளவில்தான் இருக்கின்றன. அணு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான் அதை எடுக்க முடியும், இரவில் பெரும்பாலும் அந்தப் பிரிவு திறந்திருக்காது. மூச்சு வாங்கும் கர்ப்பிணியை விடியும்வரை காக்கவைப்பதைவிட, கையில் இருந்த இயந்திரத்தில் எடுத்தது நல்லது.

‘ஒன்றும் இல்லாததற்கு’ என்ற சொல்தான் உன்னை அறுக்கிறது என்று நினைக்கிறேன். இந்தச் சந்தேகத்தோடு ஸ்கேன் எடுக்கப்படும் கர்ப்பிணிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே கட்டி இருக்கும். மற்றவர்களுக்கு வரும் விடை ‘இல்லை’தான். அந்த ‘இல்லை’யின் மதிப்பைக் கணக்குப் பார். ஸ்கேன் எடுக்காமல் சந்தேகத்தோடு விட்டிருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் வகை ஊசியை உனக்குப் போட்டே ஆகவேண்டும். அது குழந்தைக்குப் போகாத நல்ல மருந்துதான். ஆனால் வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை, பிரசவம் வரை, பிறகும் ஆறு வாரம். உன் கணக்கில் இருநூறு ஊசிக்கு மேல். வலி எடுத்தால் கடைசி ஊசி எப்போது போட்டாய் என்று பார்க்கவேண்டும். முதுகில் மயக்க ஊசி போடுவதற்கும் அதற்காகக் காத்திருக்கவேண்டும். அடுத்த பிள்ளைக்கும் ஊசி வரும். சில கருத்தடை மாத்திரைகள் ஆயுளுக்கும் உனக்கு ஆகாது என்று எழுதிவைப்பார்கள். எதற்காக? இல்லாத ஒரு கட்டிக்காக. சந்தேகத்தையும் ஊசியையும் இரண்டையும் விட்டுவிட்டு, கட்டி உண்மையிலேயே இருந்திருந்தால்... அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பல வருடங்களுக்கு முன், நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. ஆறாம் நாள் கட்டிலைவிட்டு இறங்கிக் குளியலறை வரை நடந்தவள், கதவுப் பிடியில் கைவைத்தபடியே சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினோம். நெஞ்சை அழுத்தினோம். திரும்பவில்லை. முந்தின நாள் “காலு கனமா இருக்கு” என்று அவள் சொன்னதை, பிரசவ வீக்கம் என்று எங்களில் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி அவளுடைய அம்மா கையில் கொடுத்தது நான்தான். அதனால்தான், சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள் என்று படித்ததும், முகம் தெரியாத அந்த மருத்துவர்களுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

உன் அத்தை மேல் கோபப்படாதே. எந்த எக்ஸ்ரே அறைக்குப் போனாலும் கதவில் மஞ்சள் பலகை, ‘கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்’ என்று இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பயம் அது. பலகை சொல்வது ‘தெரிவிக்கவும்’ என்றுதான். ‘உள்ளே வரக்கூடாது’ என்று இல்லை. இந்தப் பதிலை அவரிடமே வாசித்துக் காட்டு.

இனி நீ செய்யவேண்டியவை. ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தாய்சேய் அட்டையோடு சேர்த்து வை. சிடி ஸ்கேனுக்காகக் கையில் ஏற்றிய ஊசி மருந்தில் அயோடின் இருக்கும். குழந்தை பிறந்ததும் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லி நினைவுபடுத்து. அதனால் கெடுதல் வருவது அரிது, என்றாலும் பார்த்துவிடுவது நல்லது. தாய்ப்பால் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ரத்தம் 11க்கு மேல் ஏறவேண்டும். மறுபடி மருந்து ஏற்ற வரச் சொன்ன தேதியைத் தவறவிடாதே, மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதே.

திருப்பூர் பஸ்ஸைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆரப்பாளையத்தில் இறங்கும்வரை சிறுநீர் வந்துவிடுமோ என்று பயந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருப்பாய். நம் பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். கர்ப்பத்தில் அது வேண்டாம். பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நட, உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டு, தண்ணீர் குடி. மறுபடி ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, ‘ஒரு தடவை பார்த்தாகிவிட்டதே’ என்று இருந்துவிடாதே, 108க்குக் கூப்பிடு. போன மாதத்து ஸ்கேன் இந்த மாதத்துக்குச் சாட்சி சொல்லாது.

அத்தைக்கு என்னுடைய ஒரு வேண்டுகோள். அம்மா, கட்டி வரும் ஆபத்து பிரசவத்தோடு தீர்வதில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஆறு வாரம்வரை அது இன்னும் அதிகம். பச்சை உடம்பு, தண்ணீர் ஆகாது, எழுந்து நடக்கக்கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் மருமகளுக்கு அந்தப் பத்தியம் வேண்டாம். பிரசவமான அன்றே, மருத்துவர் சரி என்றதும், கையைப் பிடித்து நாலு எட்டு நடக்கவிடுங்கள். தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்து, அவள் கேட்பதற்கு முன் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.