திருவனந்தபுரம் கிரீன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்த சிறந்த பந்துவீச்சு எது?

நாகர்கோவில்காரங்களுக்குச் சேப்பாக்கம் ஒரு ராத்திரிப் பயணம். களியக்காவிளை எல்லை தாண்டினால் இந்த மைதானம் இருக்கும் காரியவட்டம் பக்கம்தான். அதனால் எங்களுக்கு இது பாதி சொந்த மைதானம்.

ஒருநாள் போட்டிப் புள்ளிவிவரம் மட்டும் பார்த்தால் முகமது சிராஜ். 2023 ஜனவரி 15 அன்று இலங்கைக்கு எதிராக 10 ஓவரில் 32 ரன் கொடுத்து 4 விக்கெட். போதாததற்கு ஒரு ரன் அவுட்டும் செய்தார். இலங்கை 73 ரன்னில் சுருண்டது, இந்தியாவுக்கு 317 ரன் வெற்றி. 2018-இல் மேற்கிந்தியத் தீவுகள் 104-க்கு ஆட்டமிழந்தபோது ஜடேஜாவும் 34 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார்.

ஆனால் என் ஓட்டு 2022 செப்டம்பர் 28-க்கு. அன்று டி20-இல் தென்னாப்பிரிக்கா 2.3 ஓவரில் 9 ரன்னுக்கு 5 விக்கெட்! தீபக் சாஹர் முதல் ஓவரிலேயே பவுமாவின் ஸ்டம்பைப் பெயர்த்தார். அடுத்த ஓவரில் அர்ஷ்தீப் சிங் டி காக், ரூசோ, மில்லர் என மூவரைச் சாய்த்தார். கடைசி இருவரும் அடுத்தடுத்த பந்துகளில். டீ வாங்கப் போனவன் திரும்புவதற்குள் பாதி அணி காலி. புதுப்பந்து இரண்டு பக்கமும் ஸ்விங் ஆனதுதான் காரணம். அர்ஷ்தீப் மொத்தத்தில் 32 ரன் கொடுத்துவிட்டார், அது வேறு கதை.

அப்புறம், அதே ஆட்டத்தில் அஸ்வின் 4 ஓவரில் 8 ரன்தான் கொடுத்தார். விக்கெட் இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை.