ஜவுளிக்கடை பொண்ணுக்கு ரீடெயில் எம்.பி.ஏ. எதுக்கு?

கேள்வி: பி.காம் முடிச்சிட்டேன், அப்பாவுக்கு மதுரையில சின்ன ஜவுளிக்கடை. எம்.பி.ஏ.வுல ரீடெயில், மார்க்கெட்டிங் எடுத்தா கடைக்கு உதவுமா, வெறும் தியரிதானா?

பதில்: கண்டிப்பா உதவும்மா. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துற எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு டான்செட் எழுது, ஆனா சேர்றதுக்கு முன்னாடி இன்டர்ன்ஷிப் இருக்கான்னு பாத்துக்கோ, அது ரொம்ப முக்கியம். இந்தப் படிப்புல வர்ற கணக்கு கடைக்கே பொருந்தும், இப்பவே கடைக்குள்ள வர்றவங்கள எண்ண ஆரம்பி, 200 பேர் வந்து 50 பேர் வாங்கினா கன்வெர்ஷன், அதாவது வந்தவங்கள்ல வாங்கினவங்க பங்கு, 25 சதவீதம், மீதி 150 பேர் ஏன் வெறுங்கையோட போனாங்க, சைஸ் இல்லையா, விலை கட்டுபடியாகலையான்னு நோட்டுல எழுது. ஸ்டாக் டர்னோவரும், அதாவது சரக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை வித்துத் தீருதுங்கிற கணக்கும் அப்படித்தான், வருஷத்துக்கு 20 லட்ச ரூபா அடக்கவிலை சரக்கு வித்து, சராசரியா 10 லட்ச ரூபா சரக்கு அலமாரியில தூங்கினா 2 தடவைதான் சுத்துது. எது தூங்குதுன்னு அப்பாகிட்டயே கேளு, அவருக்குத் தெரியும்.