ஹெட் பூட்டிய பின் நடுங்கும் என்ஜின்

கேள்வி: அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர் 1000 காரின் ஹெட் கஸ்கற் எரிந்துபோனதால், ஹெட்டைக் கழற்றி லேத்தில் முகம் சீவுவித்து, வால்வுகளையும் அரைத்து, புதிய கஸ்கற் வைத்துப் பூட்டினோம். என்ஜின் உடனே ஸ்ரார்ட் ஆகின்றது. ஆனால் ஐட்லிங்கில் கார் முழுவதும் நடுங்குகின்றது. அக்சிலறேற்றரை மிதித்தால் ஓரளவு சீராகின்றது. காபரேற்றரை மாற்றினால் சரிவரும் என்று கராஜில் சொல்கிறார்கள். மாற்றலாமா, ஐயா?
வாசகர், கோண்டாவில்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஹெட்டுக்கும் என்ஜின் உடலுக்கும் இடையிலுள்ள கஸ்கற் எரிவதற்கு முதல்நாள் வரை, காற்றையும் பெற்றோலையும் கலந்து ஒழுங்காக வேலை செய்த காபரேற்றர், கழற்றி மேசையில் வைத்திருந்த நாட்களில் பழுதாகியிருக்க நியாயமில்லை. கழற்றிப் பூட்டப்பட்டவை எவையோ, அவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எந்த நோய்க்கும் காபரேற்றரைக் குறை சொல்லும் பழக்கம், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வேரூன்றியது என்பது என் எண்ணம். சில துளி பெற்றோலில் என்ஜினை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டிய அந்த நாட்களில் குற்றவாளி பெரும்பாலும் எரிபொருளாகவே இருந்தது. உங்கள் காரின் கதை வேறு.

முதலில் நடுக்கம் எந்தச் சிலிண்டரிலிருந்து வருகின்றது என்று அறிய வேண்டும். என்ஜினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனி என்ஜின் உடலைத் தொடும்படி வைத்துக் கட்டிவிட்டு மீண்டும் இயக்குங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் நடுக்கம் கூடும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எந்த மாற்றமும் தெரியாது. நான்கையும் இவ்வாறு பார்த்து முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காரில் இந்தச் சோதனை வழமையைவிட அதிகம் சொல்லித்தரும். அதன் ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனி வழிகள் இல்லை. ரேடியேற்றர் பக்கமிருந்து எண்ணினால், 1ஆம், 2ஆம் சிலிண்டர்கள் ஒரே உள்வழியாலும் 3ஆம், 4ஆம் சிலிண்டர்கள் மற்றோர் உள்வழியாலும் காற்றையும் பெற்றோலையும் இழுக்கின்றன. ஆகவே 1உம் 2உம் சேர்ந்தோ, 3உம் 4உம் சேர்ந்தோ சோர்ந்திருந்தால், அந்தப் பக்கத்தில், காபரேற்றரிலிருந்து ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுவரும் மனிபோல்ட்டின் கஸ்கற் சரியாக அமராமல் வெளிக்காற்று புகுகின்றது என்பதே முதற் சந்தேகமாக இருக்க வேண்டும். மாறாக, நடுவில் உள்ள 2உம் 3உம் சேர்ந்து செத்திருந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியில் ஹெட் கஸ்கற் மீண்டும் விட்டுவிட்டது என்று அஞ்ச இடமுண்டு. இந்த வகை என்ஜின்களில் கஸ்கற் எரிவது பெரும்பாலும் அந்த இடத்திலேதான். அமுக்கமானி ஒன்றை இரவல் வாங்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காற்று புகும் வழியைத் திறந்து மூடும் துரொட்டிலை முழுவதும் திறந்து வைத்து நான்கு சிலிண்டர்களையும் அளந்தால் ஐயம் தீரும். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம்.

நீங்கள் எழுதிய அறிகுறியை வைத்துச் சொல்வதானால், என் பார்வை முதலில் செல்வது காற்றுக் கசிவின் மீதுதான். ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதனுடன் சிறிதளவு வெளிக்காற்று கலந்தாலும் கலவை மெலிந்துவிடும். வேகம் கூடும்போது இழுக்கும் காற்றும் கூடுவதால் அதே கசிவு பொருட்டாகத் தெரிவதில்லை. மனிபோல்ட் ஹெட்டுடன் சேரும் இடம், காபரேற்றர் மனிபோல்டுடன் சேரும் இடம், பிளக்குகளுக்கு மின்னைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் மெல்லிய வெற்றிடக் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். என்ஜினைக் குளிராக இருக்கும்போதே இயக்கி, ஒரு தூரிகையால் தடித்த என்ஜின் ஒயிலைப் பொருத்துகளில் பூசினால், கசியும் இடத்தில் பூசியதும் ஓட்டத்தில் மாற்றம் கேட்கும். இதற்குப் பெற்றோல் தெளித்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கின்றது. உங்கள் காரில் புகைவழி மனிபோல்ட்டும் அதே பக்கத்தில் சூடேறிக் கிடப்பதால், யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

கசிவு இல்லையென்றால் அடுத்தது ரப்பெற் இடைவெளி, அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அமுக்கித் திறக்கும் றொக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளி. வால்வை அரைக்கும்போது அது இருக்கையில் சற்றே ஆழமாக இறங்கி, தண்டின் தலை மேலே உயர்கின்றது. ஹெட்டின் முகத்தைச் சீவியதால் றொக்கர்களும் கீழே வந்துவிட்டன. இரண்டும் இடைவெளியைக் குறைப்பவை. பழைய நிலையிலேயே திருகாணிகளை விட்டிருந்தால், ஏதோவொரு வால்வு முழுவதும் மூடாமல் நிற்கலாம். அதனால் ஐட்லிங் கெடுவது மட்டுமன்றி, நாளடைவில் புகைவழி வால்வு எரிந்தும் போகும். குளிர்ந்த என்ஜினில் எட்டு வால்வுகளுக்கும் இடைவெளி 0.012 அங்குலம். அளக்கும் முறை எளிது: 8ஆம் வால்வு முழுவதும் திறந்து அமுங்கியிருக்கும்போது 1ஆவதைச் சரிசெய்ய வேண்டும், 7ஆவது திறந்திருக்கும்போது 2ஆவதை, இப்படி இரண்டு எண்களும் சேர்ந்து 9 வரும்படி போய்க்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன், ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் அளவுச் சாவி கொண்டு 40 இறாத்தல்-அடிக்கு இறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கையின் பலத்தை நம்பி இறுக்கிய ஹெட் மீண்டும் கழற்றப்படுவது திண்ணம். புதிய கஸ்கற் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் படிந்துகொடுக்கும். அப்போது மறுபடியும் இறுக்கி, ரப்பெற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். இறுக்கினால் இடைவெளி மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக்கூடாது.

பிளக் வயர்களின் ஒழுங்கையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ரேடியேற்றர் பக்கம் இருப்பது 1ஆம் சிலிண்டர். டிஸ்ரிபியூற்றர் மூடியில் இடஞ்சுழியாக 1, 3, 4, 2 என்று வரவேண்டும். வயர் மாறியிருந்தால் வேகம் கொடுத்தாலும் சீராகாது, வெடிச்சத்தமும் கேட்கும் என்பதால் உங்கள் காரில் இது இருக்க வாய்ப்புக் குறைவு.

இவ்வளவும் சரியான பிறகுதான் காபரேற்றர். அதன் மேல்மூடியைத் திறந்து ஒயில் இருக்கின்றதா என்று பார்த்து, உள்ளேயுள்ள பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். வேகம் ஒரு கணம் கூடி அடங்கினால் கலவை சரி. கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம். என்ஜின் அணைய முற்பட்டால் பெற்றோல் போதாது. திருகிச் சரிசெய்யக் கூடியதை விலைகொடுத்து மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: என்னுடைய ஜப்பானிய காரில் துரொட்டில் பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது பற்றறியையும் கழற்றினார்கள். அன்றிலிருந்து ஐட்லிங் ஏறி இறங்குகின்றது, ஏசி போட்டால் அணையப் பார்க்கின்றது. என்ன செய்யலாம்?
வாசகி, மானிப்பாய்

பதில்: அழுக்குப் படிந்த துரொட்டிலுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்த கணினி, அந்தப் பழக்கத்தைப் பற்றறியுடன் இழந்துவிட்டது. உங்கள் மாதிரியின் கைநூலில் ஐட்லிங்கை மறுபடி கற்பிக்கும் முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள். சில மாதிரிகளுக்கு ஸ்கானர் தேவைப்படும். அதற்குப் பின்னும் மாறாவிட்டால், காற்றுவடியிலிருந்து துரொட்டில் வரை வரும் குழாயின் கிளிப் சரியாக இறுகியுள்ளதா, கழற்றிய சிறு குழாய்கள் எல்லாம் திரும்பப் பூட்டப்பட்டனவா என்று பார்க்க வேண்டும்.

என்ஜின் விளக்கு எரிந்தால் குறியீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். பி0171 என்றால் கலவை மெலிவு, அதாவது மீண்டும் காற்றுக் கசிவைத் தேடும் வேலை. பி0301 என்றால் 1ஆம் சிலிண்டர் மிஸ் அடிக்கின்றது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள காரானால், அதன் கொயிலை 2ஆவதற்கு மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் கொயிலை மட்டும் வாங்கினால் போதும். மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு எரியும்போது மட்டும் காரை ஓட்டாதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சூடேற்றி உருக்கிவிடும், அதன் விலை இந்தப் பழுதுபார்ப்பின் விலையைவிடப் பன்மடங்கு.